இத்தாலியச் சாப்பாட்டுக்கு ஒரு வாரம்: தங்குவது பொலோனியாவிலா, புளோரன்ஸிலா?

இத்தாலிக்கு ஒரு வாரம் ஒதுக்கி, ஊர் ஊராகப் பெட்டியை இழுக்காமல் ஒரே இடத்தில் தங்கி, நன்றாகச் சாப்பிட்டு, நாலு நல்ல இடங்களையும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது இரண்டு ஊர்கள். ஒன்று தொஸ்கானாவின் தலைநகர் புளோரன்ஸ். இன்னொன்று அப்பெனின் மலைக்கு வடக்கே, எமிலியா-ரொமாஞாவின் தலைநகர் பொலோனியா. நடுவே அதிவேக ரயிலில் சுமார் 40 நிமிடம்தான். எங்கே தங்கினாலும் மற்றதைப் பார்த்துவிடலாம். ராத்திரி எந்த ஊரில் படுப்பது என்பதுதான் கேள்வி. நான் பொலோனியா பக்கம்.

ஓவியம், சிற்பம் என்று வந்தால் போட்டியே இல்லை, புளோரன்ஸ்தான். உஃபிஸி ஓவியக் கூடம், 1504-இல் மைக்கேலாஞ்சலோ முடித்த தாவீது சிலை, பேராலயத்தின் மேல் புருனெல்லெஸ்கி கட்டிய குவிமாடம் என்று அங்கே இருப்பதற்கு ஈடு பொலோனியாவில் கிடையாது. இங்கே இருப்பது வேறு: மழையில் நனையாமலும் வெயிலில் காயாமலும் நடக்க, யுனெஸ்கோ 2021-இல் பட்டியலில் சேர்த்த தூண் மண்டபத் தெருக்கள், 1088-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம், முகப்பு பாதியிலேயே நின்றுபோன சான் பெத்ரோனியோ தேவாலயம். சான் தொமேனிகோ தேவாலயத்தில் மைக்கேலாஞ்சலோ இருபது வயதை ஒட்டிச் செதுக்கிய சின்னச் சிலைகள் மூன்று இருக்கின்றன. அங்கே வரிசை கிடையாது.

இனி, முடிவைத் தீர்மானிக்கும் விஷயம்: ரயில். வேகத்தைவிட, ஒரு ரயிலைத் தவறவிட்டால் என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம்.

இத்தாலிய ரயில்களில் இரண்டு வகை. ஃப்ரெச்சாரோஸ்ஸா, இத்தாலோ போன்ற அதிவேக வண்டிகளில் விலை நாளுக்கு நாள் மாறும்; முன்பதிவு கட்டாயம்; மலிவாக எடுத்த சீட்டு அந்த வண்டிக்கு மட்டும்தான். ரெஜியோனாலே எனப்படும் உள்ளூர் வண்டிகளில் கட்டணம் நிலையானது. ஒரு மாதம் முன்னால் எடுத்தாலும் ஐந்து நிமிடம் முன்னால் எடுத்தாலும் அதே காசு. இருக்கை எண் இல்லை. ஒன்றை விட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்காகப் போகும் நாளை நேரத்தில் கட்டிப்போட முடியாது. மத்தியானம் ஒரு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க மூன்றாகும். பல்சாமிக் காடி (வினிகர்) ஊறும் அறையில் ருசி பார்ப்பது நீளும். சந்தையில் இன்னொரு கடை கண்ணில் படும். இப்படிப்பட்ட நாளுக்கு மன்னிக்கிற டிக்கெட் வேண்டும். பொலோனியாவிலிருந்து மொதெனாவும் ஃபெர்ராராவும் அரை மணி நேரத்தை ஒட்டியும், பார்மா ஒரு மணி நேரத்திலும், ரவென்னா அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கின்றன. எல்லாமே ரெஜியோனாலேயில். ஒரு வழிக்கு 10 யூரோவை ஒட்டியோ அதற்குள்ளோ முடிந்துவிடும்.

புளோரன்ஸில் தங்கி இதே ஊர்களுக்குப் போவதென்றால், முதலில் அதிவேக வண்டியில் பொலோனியா வந்து இறங்க வேண்டும். அந்த வண்டிகள் பெரும்பாலும் தரைக்கடியில் ஆழத்தில் உள்ள 16 முதல் 19 வரையிலான நடைமேடைகளில் நிற்கும். அங்கிருந்து மேலே வந்து மாற 15 நிமிடமாவது ஒதுக்க வேண்டும். ‘ஓவெஸ்ட்’ என்று பலகையில் போட்டிருந்தால் அது நிலையத்தின் மேற்கு ஓரத்தில் தனியாக இருக்கும் நடைமேடை. அதே எண்ணுள்ள சாதாரண நடைமேடையில் நின்று வண்டியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மாலையில் திரும்பும்போது மறுபடி இதே வேலை, அதுவும் நேரம் குறித்த சீட்டுடன்.

பாலாடைக்கட்டிப் பட்டறைதான் இதற்குச் சரியான சோதனை. இந்தப் பக்கத்துப் பாலாடைக்கட்டியான பர்மிஜானோ ரெஜ்ஜானோ காலையில் மட்டும் தயாராகிறது. முந்தின இரவுப் பாலை ஆடை எடுத்து, காலைப் பாலுடன் செப்புக் கொப்பரையில் கலந்து, முந்தின நாள் தயாரிப்பில் மிஞ்சிய புளித்த பால்தெளிநீரும், கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளான ரென்னெட்டும் சேர்க்கிறார்கள். உறைந்ததைக் கம்பிக் கூண்டு போன்ற துடுப்பால் அரிசி அளவுக்கு உடைத்து, 55 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். துகள்கள் அடியில் படிந்து ஒரே கட்டியாக இறுகியதும், இரண்டு பேர் மரத் துடுப்பால் தூக்கித் துணியில் ஏந்தி, இரண்டாக அறுத்துத் தொங்கவிடுவார்கள். பார்க்க வேண்டியது இந்தக் கட்டம்தான். பத்து, பத்தரைக்குப் போனால் தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். எட்டு, எட்டரைக்கு அங்கே இருக்க பொலோனியாவிலிருந்து ஏழு மணி வாக்கில் கிளம்பினால் போதும். புளோரன்ஸிலிருந்து விடியுமுன் எழ வேண்டும்.

பட்டறைகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவே இருக்கின்றன. ரயில் நிலையத்திலிருந்து டாக்சியை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், அல்லது வண்டியோடு சேர்ந்த சுற்றுலாவாக எடுக்க வேண்டும். பார்வையிட முன்பதிவு அவசியம்.

மொதெனாவில் காடிப் பட்டறைக்காக ஊரைத் தாண்டவும் வேண்டாம். நகராட்சிக் கட்டடத்தின் மேல்மாடியிலேயே பல்சாமிக் காடிப் பீப்பாய்கள் அடுக்கியிருக்கின்றன. சுற்றுலா அலுவலகத்தில் பதிந்துகொண்டு பார்க்கலாம். வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். ‘திராதிசியோனாலே’ (பாரம்பரியமானது) என்ற சொல்லுடன், பிறப்பிடத்தை உறுதி செய்யும் டிஓபி முத்திரை இருந்தால் அது காய்ச்சிய திராட்சைச் சாறு மட்டும், 12 ஆண்டுக்குக் குறையாமல் பீப்பாயில் கிடந்தது. ‘எக்ஸ்திராவெக்கியோ’ என்றால் 25 ஆண்டு. வழக்கமாக 100 மில்லி உருண்டைக் குப்பியில் வரும். அதைவிடத் தளர்வான புவிசார் முத்திரையான ஐஜிபி உள்ளது வைன் காடி கலந்தது. சாலடுக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள். அங்கேயே அல்பினெல்லி சந்தையைக் காலையில் பார்த்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் கடைகள் மூடத் தொடங்கும்.

தட்டில் என்ன கிடைக்கிறது என்பதிலும் எனக்கு பொலோனியாதான். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் சேர்ப்பதில்லை, நீளக் கட்டையால் கையால் தேய்த்தது: அதுதான் இங்கத்திய பாஸ்தா. நாடா போன்ற தல்யதெல்லே பாஸ்தாவின் அகலம் வெந்தபின் 8 மில்லிமீட்டர் என்று 1972-இல் வணிகக் கழகத்தில் பதிந்தே வைத்திருக்கிறார்கள். அதன் மேல் வருவது ரகூ எனப்படும் இறைச்சிக் குழம்பு. ஸ்பகெட்டியோடு ரகூ கேட்காதீர்கள். அதைப் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தும் கடையைத் தாண்டிப் போய்விடலாம். உள்ளே இறைச்சி வைத்து மடித்த குட்டிப் பாஸ்தாவான தொர்தெல்லினியை இறைச்சிச் சாற்றில் போட்டுத் தருவதே முறை. புளோரன்ஸில் பெருமை பிஸ்தெக்கா எனப்படும் தடித்த மாட்டிறைச்சித் துண்டுக்கு. அது எடைக்கு விலை, பெரும்பாலும் ஒரு கிலோவுக்குக் குறையாது, உள்ளே சிவப்பாகவே வரும். இரண்டு பேர் சேர்ந்து வாங்க வேண்டியது. நன்றாக வேகவைத்துத் தரச் சொன்னால் பல கடைகளில் மறுத்துவிடுவார்கள்.

சைவர்களுக்கு மட்டும் இந்தத் தராசு திரும்புகிறது, அதை மறைப்பது நியாயமில்லை. பொலோனியா பன்றி இறைச்சியின் ஊர். தொர்தெல்லினிக்குள் இறைச்சி; பொரித்த ஞோக்கோ, தீஜெல்லே, பியதீனா ரொட்டிகளில் பன்றிக் கொழுப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ‘ஸ்த்ருத்தோ’ (பன்றிக் கொழுப்பு) இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கையால் தேய்த்த பாஸ்தா எல்லாம் முட்டை. பர்மிஜானோவில் கன்றின் ரென்னெட் தவிர்க்கவே முடியாதது. முட்டையும் இந்தப் பாலாடைக்கட்டியும் சரி என்பவர்களுக்கு, வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்த, ரிகோத்தா பாலாடை வைத்த தொர்தெல்லோனி, ஃபெர்ராராவின் பரங்கிக்காய் வைத்த கப்பெல்லாச்சி ஆகிய இரண்டு பாஸ்தாக்களும் அருமை. இவற்றையும் தொடாதவர்களுக்கு புளோரன்ஸின் பப்பா அல் பொமொதோரோ (தக்காளி-ரொட்டிக் கூழ்), பன்ஸனெல்லா (ரொட்டி சாலட்), வெள்ளை பீன்ஸ் வகைகள் ஒரு வாரத்தை இன்னும் சுலபமாகத் தாங்கும். ரிபொல்லீத்தா சூப்பில் மட்டும் இறைச்சிச் சாறு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

காரில் கியாந்தி மலைகளைச் சுற்றுவதுதான் திட்டம் என்றாலும் என் ரயில் கணக்கு பொருந்தாது, தொஸ்கானாவில் தங்குங்கள். ஆனால் இரண்டு ஊர் மையத்திலும் இசட்.டி.எல். எனப்படும், அனுமதியில்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதி உண்டு. கேமரா எண்ணைப் படம் பிடிக்கும். அபராதம் மாதங்கள் கழித்து வாடகைக் கம்பெனி வழியாக வீடு தேடி வரும்.

பொலோனியாவில் ஒரு கண்ணி அறை வாடகை. மார்ச்சில் காஸ்மோப்ரோஃப் அழகுப் பொருள் கண்காட்சி, வசந்தத்தில் குழந்தைகள் நூல் கண்காட்சி, செப்டம்பர் கடைசியில் செர்சாயே ஓடுகள் கண்காட்சி. அந்த நாள்களில் சாதாரண அறையும் எட்டாத விலைக்குப் போகும். கண்காட்சித் திடலின் நாள்காட்டியைப் பார்த்த பிறகே விமான டிக்கெட்டில் கை வையுங்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்களில் நல்ல குடும்பக் கடைகள் பல விடுமுறைக்கு மூடிவிடும்.

சென்னையிலிருந்து துபாய் வழியாக நேராக பொலோனியாவில் இறங்கலாம். விமான நிலையத்திலிருந்து மார்க்கோனி எக்ஸ்பிரஸ் ஏழெட்டு நிமிடத்தில் ரயில் நிலையத்துக்குக் கொண்டுவிடும். புளோரன்ஸ் விமான நிலையத்தின் ஓடுபாதை குட்டை. காற்று வலுத்தால் விமானங்களை பீசாவுக்கோ பொலோனியாவுக்கோ திருப்பிவிடுகிறார்கள்.

பொலோனியாவில் தங்கி புளோரன்ஸுக்கு ஒரு நாள் போகும்போது திங்கள்கிழமையைத் தவிருங்கள். உஃபிஸியும், தாவீது சிலை இருக்கும் அக்காதெமியாவும் அன்று மூடல். முதலில் உஃபிஸி நுழைவு நேரத்தைப் பதிந்துவிட்டு, அதற்கு ஏற்ற அதிவேக வண்டியை எடுங்கள். தலைகீழாகச் செய்தால் நுழைவு கிடைக்காமல் ரயில் காசு வீணாகும். உள்ளூர் வண்டிக்குக் காகிதச் சீட்டு என்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், கைபேசிச் சீட்டு என்றால் செக்-இன் அழுத்த வேண்டும். இரண்டையும் மறந்தால் பரிசோதகர் அபராதம் போடுவார். வேலைநிறுத்த நாளில் உள்ளூர் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், வார நாள்களில் காலை 6 முதல் 9 வரையிலும் மாலை 6 முதல் 9 வரையிலும் உறுதி செய்யப்பட்ட வண்டிகளை நம்பிக் கிளம்பலாம்.