கத்தித் தடுப்பின் இரு பக்கமும் ஒன்றுபோல் வர: கிரைண்டரா, சிஎன்சியா, டெம்ப்ளேட்டும் அரமுமா?

கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே, விரல் வழுக்கி முன்னால் போகாமல் நிறுத்துகிற தடுப்பு சின்னத் துண்டுதான். ஆனால் கத்தியை முதுகுப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் கண் நேரே அங்கேதான் போகும். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் முழுக் கத்தியும் கோணலாகத் தெரியும்.

பினாங்கில் நமக்குக் கைக்கெட்டும் வழிகள் மூன்று: பெல்ட் கிரைண்டரில் கண்ணளவாகத் தேய்ப்பது, எதிர்க்கரையில் பிறை ஊர்ப் பக்கம் ஏதாவது ஒரு பட்டறையில் சிஎன்சியில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரத்தில்) வெட்டி வாங்குவது, எஃகு டெம்ப்ளேட் (வடிவம் காட்டும் மாதிரித் தகடு) வைத்து அரத்தால் ராவுவது. நான் மூன்றாவதோடு நின்றுவிட்டேன். காரணம் ஒன்றுதான்: ஸ்லாட், அதாவது கைப்பிடிக்குள் போகும் கத்தியின் வால் பகுதியான காம்பு நுழையத் தடுப்பின் நடுவே போடும் நீள்துளை.

கிரைண்டரின் வேகத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அரத்தில் ஒரு மாலை முழுக்க எடுக்கும் வேலை அதில் சில நிமிடம். ஆனால் தடுப்புக்கு எடுக்கும் 6 மில்லிமீட்டர் பித்தளைத் துண்டு சட்டென்று சுட ஆரம்பிக்கும். விரலை எடுத்துத் திரும்ப வைக்கும்போது கோணம் மாறிவிடும். இடது பக்கம் கொஞ்சம், அதற்கு ஈடாக வலது பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் தேய்த்தால் தடுப்பே சிறுத்துப்போகும். ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்குச் சத்தமும் தூசியும் தனிப் பிரச்சினை.

சிஎன்சியில் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அளவாகவே சொல்கிறேன். வெளி வடிவம் அச்சு மாறாமல் வரும். ஒரே மாதிரிப் பல கத்திகள் செய்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் கையால் அடித்துத் தேய்த்த கத்தியின் காம்பு எந்த வரைபடத்துக்கும் அப்படியே பொருந்தாது. வாங்கி வந்த தடுப்பின் ஸ்லாட்டை நம் காம்புக்கு ஏற்ப ராவியே ஆகவேண்டும். ஒரு சுவரில் மட்டும் 0.3 மில்லிமீட்டர் கூடுதலாகப் போனாலும் நடுக்கோடு நகர்ந்துவிடும். வெளியே எவ்வளவு துல்லியமாக வெட்டியிருந்தாலும் பிறகு அதனால் பயனில்லை.

சமச்சீர் என்பதை ஸ்லாட்டிலிருந்துதான் அளக்கவேண்டும். அதனால் முதலில் ஸ்லாட், வெளி வடிவம் அப்புறம். காம்பு 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 3.5 மில்லிமீட்டர் டிரில்லில் வரிசையாகத் துளை போட்டு, ஊசி அரத்தால் அவற்றை ஒன்றாக்கவேண்டும். காம்பில் மார்க்கர் மையைப் பூசி உள்ளே தள்ளி எடுத்தால் எங்கே இடிக்கிறதோ அங்கே மை உரசிப் போயிருக்கும். ஸ்லாட்டில் அதற்கு நேரான இடத்தை மட்டும் ராவினால் போதும். கடைசியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது இரு ஓரத்திலும் ஒளிக்கீற்று தெரியக்கூடாது.

இப்போது டெம்ப்ளேட். அலகுக்கு வாங்கிய ஓ1 எஃகில் (எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கும் கருவி எஃகு) மிஞ்சிய 3 மில்லிமீட்டர் தகடு போதும். அதிலும் காம்பின் தடிமனிலேயே ஒரு ஸ்லாட். ஒரு பக்க ஓரத்தை மட்டும் வேண்டிய வளைவுக்கு ராவி முடித்துவிட்டு, மறு ஓரம் தடுப்பின் வடிவத்துக்கு உள்ளடங்கி நிற்கும்படி விட்டுவிடுங்கள். பிறகு காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, இன்னும் கொஞ்சம் சூடேற்றி, சூடான எண்ணெயில் தோய்ச்சல் போடவேண்டும். இது அலகு இல்லை, எங்கும் அடிபடாது, அதனால் மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதத்தை இறக்காமல் அந்தக் கடினத்திலேயே வைத்துக்கொள்ளலாம். அரம் அதைக் கடிக்காது.

காம்பின் தடிமனுள்ள எஃகுப் பட்டை ஒன்றைத் தடுப்பின் ஸ்லாட்டிலும் டெம்ப்ளேட்டின் ஸ்லாட்டிலும் சேர்த்து நுழைத்து, எல்லாவற்றையும் வைஸில் இறுக்குங்கள். பித்தளை குறைந்துகொண்டே வந்து அரம் எஃகைத் தொட்டதும் கரகரப்பு நின்று, வெறுமனே வழுக்குகிற ஓசை கேட்கும். அதோடு கையை எடுத்துவிடவேண்டும்; அதற்கு மேல் போனால் அரத்தின் பல்தான் மழுங்கும். இனி டெம்ப்ளேட்டைப் புரட்டி, அதே பட்டையில் மாட்டி, மறு பக்கம். இரு பக்கத்தையும் வரைவது ஒரே ஓரம் என்பதால், வளைவில் ஒரு சின்ன மேடு இருந்தாலும் அது இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வரும். கண்ணுக்கு அது கோணலாகத் தெரியாது. இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான்.

பித்தளைக்கென்று புது அரம் ஒன்றைத் தனியாக வைத்திருப்பது அவசியம். எஃகில் ஓடிய அரம் பித்தளையில் வழுக்கும். பல்லில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் துகள் அடைக்காது. உப்புத்தாளை 220 எண் சொரசொரப்பில் தொடங்கி 600 வரை போகலாம், ஆனால் மட்டமான கட்டையில் சுற்றித்தான். விரலால் தேய்த்தால் ஓரம் உருண்டு, சம்பாதித்த சமச்சீர் போய்விடும்.

இந்தத் தீவின் ஈரக்காற்றில் பித்தளை கறுக்கும். குத்துவிளக்கு துலக்கும் புளியே அதற்கும் போதும். என்ன, அலகில் அது படாமல், துலக்கியதும் கழுவி ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூசிவிடவேண்டும். அந்தத் தொல்லையே வேண்டாமென்று 304 வகைத் துருப்பிடிக்காத எஃகை எடுப்பவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. அது ராவ ராவ இறுகும், அரம் படாத பாடு படும். அதற்கு ஸ்லாட்டை முடித்து, டெம்ப்ளேட்டால் கோடு கீறி, கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் வெளியே வரை கிரைண்டரில் எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் அரத்துக்கு விடுங்கள்.