பாட்டி பிறந்தது ஏற்காடு, பேரன் பிறந்தது பெர்த்: இந்தியாவுக்கு ஆட முடியுமா?

சேர்வராயன் மலையில் பிறந்த பாட்டி ஆஸ்திரேலியா போய்விட்டார், பேரன் அங்கே கால்பந்து ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஃபிஃபா அவனைத் தடுக்காது. பெற்றோர், தாத்தா பாட்டி இவர்களில் ஒருவர் அந்த மண்ணில் பிறந்திருந்தால் போதும். கூடவே அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். இடிப்பது அங்கேதான்.

வங்கதேசத்துக்கு இது சுலபம், இரட்டைக் குடியுரிமை உண்டு. இங்கிலாந்து 21 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடிய ஹம்சா சவுத்ரி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விடாமலே 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராக இறங்கினார்.

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. தேசிய அணியில் ஆட 2008 முதல் இந்தியப் பாஸ்போர்ட் கட்டாயம். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை செல்லாது. அம்மா இந்தியக் குடிமகளாக இருந்தவர் என்றால், 12 மாதம் இங்கே குடியிருந்துவிட்டு விண்ணப்பிக்கலாம். பாட்டி வழி மட்டும்தான் என்றால், ஓசிஐ பதிவாகி 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த 12 மாதமும் உண்டு. அதாவது வெளிநாட்டு கிளப்பை விட்டு இங்கே ஒப்பந்தம் போட்டாக வேண்டும். ஜப்பானில் பிறந்த அராட்டா இசுமி, ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயான் வில்லியம்ஸ் இருவருமே இந்திய கிளப்களில் ஆடியபடிதான் குடியுரிமை வாங்கினார்கள். பாஸ்போர்ட் வந்தும் வில்லியம்ஸ் 2025 நவம்பரில் டாக்காவில் ஆட முடியவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குத் தேசிய அணி மாறுவதற்கான அனுமதி நேரத்துக்கு வரவில்லை. அன்று ஹம்சா ஆடிய வங்கதேசம் 1-0 என்று நம்மை வென்றது.

நாம் பார்க்க வேண்டியது இந்தோனேசியாவை. அங்கும் பெரியவர்களுக்கு இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஆனால் நெதர்லாந்தில் பிறந்த ஜே இட்ஸெஸ், இத்தாலியின் வெனேசியா கிளப்பில் இருந்தபடியே 2023 டிசம்பரில் இந்தோனேசியர் ஆனார். நாடாளுமன்ற ஒப்புதலே வழி திறந்தது. ஆகவே நம் கால்பந்தைக் கட்டிப்போடுவது ஒற்றைக் குடியுரிமை அல்ல, அந்த 12 மாத நிபந்தனை. தேசிய அணிக்குத் தேர்வாகும் தகுதி உள்ளவருக்காவது அதைத் தளர்த்த வேண்டும்.

எந்த வழியானாலும் முதலில் பாட்டியின் பிறப்புப் பதிவைத் தேடுங்கள். பழைய பதிவேடுகளில் பல சமயம் குழந்தையின் பெயரே இருக்காது, பெற்றோர் பெயரும் தேதியும்தான் இருக்கும். தேவாலய ஞானஸ்நானப் பதிவையும் சேர்த்து வைப்பது நல்லது. நகலை நம்ப வேண்டாம். 2025இல் மலேசியாவின் 7 வீரர்களுக்கு ஃபிஃபா 12 மாதத் தடை போட்டது, அவர்களின் தாத்தா பாட்டி பிறந்த ஊர் குறித்த ஆவணங்கள் மூலப் பதிவோடு ஒத்துப்போகாததால்தான். இன்னொன்று: பேரன் ஆஸ்திரேலிய இளையோர் அணிக்கு அதிகாரப்பூர்வப் போட்டி ஆடியிருந்தால், கடைசி ஆட்டம் 21 வயதுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நட்புப் போட்டிகள் கணக்கில் சேராது.