பழைய பேட்டரியைப் புதுசுன்னு தலையில கட்டிட்டான்: 1,380 வெள்ளி போச்சு

கோபத்துல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. ஆறு பேட்டரி 1,260, ரெண்டு எல்இடி விளக்கு 120. மொத்தம் 1,380 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). வாங்கிப் பதினெட்டு நாள்தான் ஆகுது.

சிங்கப்பூர் கிராஞ்சியில மாமாவோட செடித் தோட்டத்துல ஒரு பழைய மின்சார டிராக்டர் இருக்கு. 1970கள்ல ஜெனரல் எலெக்ட்ரிக் செஞ்ச வண்டி. 36 வோல்ட், அதாவது 6 வோல்ட் பேட்டரி ஆறு தொடரா மாட்டணும். மண் மூட்டை, தொட்டி எல்லாம் சத்தமில்லாம இழுக்கும். இங்க ஏழு மணிக்குத்தான் விடியுது, வேலையோ அஞ்சரைக்கே ஆரம்பம். அதனால விளக்கும் தேவைப்பட்டது.

கடை பேரைச் சொல்லலை. தொழிற்பேட்டைக் கட்டடத்துல கீழ்த்தளம், கோல்ஃப் வண்டிக்குப் பேட்டரி விக்கிற கடை. "வாங்கண்ணே"ன்னு தமிழ்ல கூப்பிட்டான் பாருங்க, அங்கேயே பாதி விழுந்துட்டேன். தே (டீ) வாங்கிக் கொடுத்தான். மீட்டரை எடுத்து ஒவ்வொரு பேட்டரியா வச்சுக் காட்டினான். 6.3, 6.3, 6.4. "நம்ம ஆளுக்குப் பழசைப் புதுசுன்னு விப்பேனாண்ணே?" எனக்கும் மனசு நிறைஞ்சு போச்சு. தே ஆறுறதுக்குள்ள பேநவ்ல (போன்ல பணம் அனுப்புற வசதி) காசு போயிடுச்சு. சார்ஜர்ல இருந்து அப்பத்தான் கழட்டின கிழட்டு பேட்டரியும் சுமை ஏத்தாம, அதாவது எதையும் ஓட்டாம சும்மா வச்சுப் பார்த்தா 6.3 காட்டும்னு எனக்கு அப்ப யார் சொல்றது?

ஒவ்வொன்னும் கிட்டத்தட்ட 28 கிலோ. புதுக்கோட்டைத் தம்பி ஒருத்தர்தான் ஆறையும் தூக்கி மாட்டினார். மூணாம் நாள் அவரே ஈரத்துணியால துடைக்கும்போது ஸ்டிக்கர் ஓரம் சுருண்டு வந்துச்சு. "அண்ணே, இங்க பாருங்க." அடியில இன்னொரு ஸ்டிக்கர், அதுல 2019. முனையில தேதிக் குறி குத்தியிருந்த இடத்தை அரத்தால தேய்ச்சு வச்சிருக்கானுங்க. ஈயம் அந்த இடத்துல மட்டும் பளபளன்னு இருக்கு.

டிரெய்லர்ல பன்னிரண்டு மூட்டை ஏத்தினோம். பத்து நிமிஷத்துல ஆறும் சேர்ந்து 29 வோல்ட்டுக்கு இறங்கிடுச்சு. 31.5க்குக் கீழ போகவே விடக்கூடாது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு ஹைட்ரோமீட்டர்ல (பேட்டரி அமிலத்தோட அடர்த்தியை அளக்கிற கருவி) பார்த்தா, 1.265க்கு மேல இருக்க வேண்டியது மூணு பேட்டரியில 1.150.

விளக்கு கதை தனி. உறையில 10–30 வோல்ட்னு போட்டிருக்கு. கேட்டதுக்கு, "ஆறு வோல்ட் கூடினா என்னண்ணே, தாங்கும்"னான். சார்ஜ் ஏறும்போது இந்த வண்டியில 44 வரை போகும். முதல் ராத்திரியே ஒன்னு கருகின வாடையோட அணைஞ்சிடுச்சு. போன் பண்ணினா, "அப்ப ரெண்டு பேட்டரியில இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்குங்க"ங்கறான். அப்படி எடுத்தா அந்த ரெண்டும் வடிஞ்சு போகும், சார்ஜர் மத்த நாலையும் கொதிக்க வைக்கும். விக்கிறவனுக்கு இது தெரியாதா?

அப்புறம் சாக்கு மேல சாக்கு. "புது பேட்டரி பழகணும்ண்ணே, அம்பது தடவை சார்ஜ் பண்ணுங்க." இதுல பாதி உண்மைதான், புது டீப் சைக்கிள் பேட்டரி (நல்லா வடிஞ்சு திரும்பத் திரும்ப சார்ஜ் ஏறுற இந்த வகை) முழு பலத்துக்கு வர நாள் பிடிக்கும். ஆனா 2019 பேட்டரி இனிமே என்னத்தைப் பழகும்? அப்புறம் "உங்க சார்ஜர் பழசு". அப்புறம் "பாஸ் ஜேபி (ஜொகூர் பாரு) போயிட்டார்". கடைசியா, மூடியைத் திறந்ததால வாரண்டி இல்லையாம்! டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துற பேட்டரிய்யா அது, திறக்காம எப்படி ஊத்துறது? நேத்துல இருந்து நீல டிக் மட்டும்தான், பதில் இல்லை. புதுசுன்னு போட்டிருந்த விளம்பரத்தையும் எடுத்துட்டான். என் கையில இருக்கிற ரசீதுல "பேட்டரி 6"ன்னு மட்டும் இருக்கு. "புதுசு"ங்கிற வார்த்தையே இல்லை. 1,380 வெள்ளி!

எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சுமை ஏத்திக் காட்டச் சொல்லுங்க. முனையில தேதிக் குறி இல்லைன்னா திரும்பி வந்துடுங்க. கார் ஸ்டார்ட் பண்ற பேட்டரியை மலிவா கிடைக்குதுன்னு வாங்காதீங்க, தட்டு மெலிசு, இழுவைக்கு நிக்காது. விளக்குக்கு 36ஐ 12ஆக்குற கன்வர்ட்டர் போடுங்க, அதுவும் 44 வோல்ட்டைத் தாங்குறதா பார்த்து. விளம்பரத்தைப் படம் பிடிச்சு வச்சுக்குங்க, ரசீதுல "புதுசு"ன்னு எழுதி வாங்குங்க.

திங்கக்கிழமை ஸ்மால் கிளைம்ஸ்ல (சின்னத் தொகை வழக்கை விசாரிக்கிற மன்றம்) போடப்போறேன், உரிஞ்ச ஸ்டிக்கரைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். மாமா கூப்பிடுறார், தம்பி தனியா தள்ளுவண்டியில மண்ணை ஏத்திக்கிட்டு இருக்கார்.