வங்காலைக் கரைக்கு எந்தக் குழாய்? உயர்தர ஸ்பொட்டிங் ஸ்கோப்புகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

சுடுகளத்தில் தொலைவிலுள்ள இலக்கை எந்த இடத்தில் குண்டு துளைத்தது என்று பார்க்கத் துப்பாக்கியின் அருகே முக்காலியில் நிறுத்தப்படும் ஒற்றைக் குழல் தொலைநோக்கிதான் ஸ்பொட்டிங் ஸ்கோப். அதே குழாயைப் பறவை நோக்குவோரும் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். இலங்கையின் வட பகுதியான வன்னியில் அதற்கு முதலாவது வேலை இல்லை. இரண்டாவது வேலை ஏராளம். 2008இல் சரணாலயமாகவும் 2010இல் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட வங்காலையின் 4,839 ஹெக்டேயர் பரப்பிலும், சுண்டிக்குளத்துக் களப்பிலும், கட்டுக்கரைக் குளத்திலும், இரணைமடுவிலும் பறவை நம்மிடம் வந்து நிற்பதில்லை. கரைக்கும் அதற்கும் இடையில் இருநூறு முதல் அறுநூறு மீற்றர் வரை சேறும் நீரும் கிடக்கும். பத்து மடங்கு பைனொக்குலரில் பூநாரைக் கூட்டம் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியுமே தவிர, அதன் காலடியில் இரை பொறுக்கும் உள்ளான் எந்த இனம் என்று சொல்ல முடியாது.

இங்கே ஒப்பிடப்படுபவை ஐந்து (பெயரிலுள்ள எண் முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில்): ஜப்பானின் கோவா 88 மில்லிமீற்றர், அதன் தம்பியான கோவா 55, ஒஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி ஏடிஎக்ஸ் 85, ஜேர்மனியின் சைஸ் ஹார்பியா 95, லைக்கா அப்போ டெலிவிட் 82. இவற்றில் பெரியவை இலங்கை ரூபாயில் பத்து இலட்சத்தைத் தொடும் அல்லது தாண்டும். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கடையில் எடுத்துப் பார்த்து வாங்கக் கூடிய பொருள்கள் இவை அல்ல. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரின் பயணப் பெட்டியில்தான் வந்து சேரும். ஆகவே வாங்கிப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

வாங்குவோர் முதலில் கேட்பது எத்தனை மடங்கு பெருக்கும் என்பதைத்தான், ஆனால் வன்னியில் அந்தக் கேள்விக்கான விடையைக் கண்ணாடி தீர்மானிப்பதில்லை, காற்றுத்தான் தீர்மானிக்கிறது. வெயில் ஏறியதும் சேற்றுத்தரையிலிருந்து எழும் சூடான காற்றும் மேலேயுள்ள குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியைக் கண்டபடி வளைப்பதால், அறுபது மடங்கில் பார்க்கும்போது பறவையோடு சேர்த்து அந்தக் கானலும் அறுபது மடங்காகப் பெருகி, உள்ளான் கொதிநீரில் கிடப்பதுபோல் நெளியும். காலை ஒன்பது மணிக்குப் பிறகு முப்பது மடங்குக்கு மேல் போவது பெரும்பாலான நாள்களில் வீண் முயற்சி. மழை ஓய்ந்த மார்கழிக் காலையிலும், மேகம் மூடிய மாலையிலும் மட்டும் ஐம்பதும் அறுபதும் உண்மையாகவே பயன்படும். அந்த நேரத்தில் காலில் வளையமோ கொடியோ கட்டப்பட்ட பறவை கண்ணில் பட்டால், அதிலுள்ள எழுத்தை வாசிக்க உயர் பெருக்கம் வேண்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனாலும், ஆண்டின் பெரும்பகுதி இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில்தான் கழியும் என்பதால், அந்த இடைவெளியில் எது நன்றாகக் காட்டுகிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

அந்த அளவுகோலில் சைஸ் ஹார்பியா ஒரு விசித்திரமான சரக்கு. 23 மடங்கில் 1,000 மீற்றர் தொலைவில் ஏறக்குறைய 59 மீற்றர் அகலத்தைக் காட்டும் அதன் பார்வைப் பரப்பு ஏறக்குறைய அதே பெருக்கத்தில் மற்றவற்றில் கிடைக்காதது. பறந்து இறங்கும் ஊசிவால் வாத்துக் கூட்டத்தைப் பின்தொடர்வதற்கு அதைவிட வசதியான குழாய் இல்லை. ஆனால் அந்த அகலத்துக்கு ஒரு விலை உண்டு. குறைந்த பெருக்கத்தில் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் 2.5 மில்லிமீற்றர் மட்டுமே. 23ஐ 2.5ஆல் பெருக்கினால் 57 அல்லது 58 வரும். அதாவது, 95 மில்லிமீற்றர் வில்லையைச் சுமந்து சென்று, இருள் கவியும் வேளையில் அதில் 58 மில்லிமீற்றரைத்தான் பயன்படுத்துகிறோம். அதே கணக்கில் கோவா 88 தன் 25 மடங்கில் 3.5 மில்லிமீற்றரும், ஸ்வரோவ்ஸ்கி 85 தன் 25 மடங்கில் 3.4 மில்லிமீற்றரும் தருகின்றன. அந்தி மங்கலில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஹார்பியாவை இதனாலேயே நான் ஒதுக்கிவைக்கிறேன்.

லைக்காவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் கண்வில்லை 25 முதல் 50 மடங்கு வரையிலேயே நின்றுவிடுவது குறை என்று பலர் எழுதுவார்கள். நமது கானலுக்கு அது குறையே அல்ல, ஐம்பதிலும் அதன் பார்வைப் பரப்பு அகலமாகவே இருக்கிறது. நல்ல குழாய், ஆனால் கோவாவை விட்டு இதை எடுக்கக் காரணம் தெரியவில்லை.

உண்மையான போட்டி கோவா 88க்கும் ஸ்வரோவ்ஸ்கி 85க்கும் இடையில். கோவாவின் முன்வில்லையில் புளோரைட் படிகம் இருக்கிறது. அது நிறங்களை மிகக் குறைவாகவே பிரிக்கும் என்பதன் பொருளை அறிய, இரணைமடுவில் நீருக்குள் நிற்கும் பட்ட மரத்தின் உச்சியில் சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகத்தை வெளிறிய வானத்தின் பின்னணியில் பார்க்க வேண்டும். மலிவான குழாயில் அந்தக் கரிய சிறகின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக ஒரு கரை ஓடும். கோவாவில் கருமை கருமையாகவே முடிந்து, வானம் வானமாகவே தொடங்கும். சிறிய, பெரிய மணல் உப்புக்கொத்திகளை அலகின் நீளத்தையும் பருமனையும் காலின் நெடுமையையும் கொண்டு பிரிக்க வேண்டிய இடத்தில் இந்தத் தெளிவுதான் கைகொடுக்கிறது. மேலும், கோவாவில் குவியத்தைச் சரிசெய்ய விரைவுக்கு ஒன்றும் நுணுக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு திருகிகள் உள்ளன.

ஸ்வரோவ்ஸ்கியின் பலம் வேறு. காட்சியின் நடுவில் இருக்கும் கூர்மை ஓரம்வரை குறையாமல் நீள்வதால், ஆயிரக்கணக்கில் பரந்திருக்கும் நாமத்தலை வாத்துக் கூட்டத்தை இடமிருந்து வலமாக எண்ணிக்கொண்டு போகையில் கண் களைப்பதில்லை. கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 20 மில்லிமீற்றர்வரை இடைவெளி கிடைப்பதால் மூக்குக்கண்ணாடி அணிவோர் முழுக் காட்சியையும் காணலாம். என் கருத்தில், கண்ணாடி அணிபவர் இந்த ஒரு காரணத்துக்காகவே கோவாவைத் தவிர்க்கலாம். கண்வில்லைப் பகுதியை வைத்துக்கொண்டு முன்பகுதியை மட்டும் 65, 85, 95, 115 மில்லிமீற்றர் என்று மாற்றிக்கொள்ளும் வசதியைப் பெரிதாகச் சொல்வார்கள். செம்மண் தூசியும் உப்புக் காற்றும் உள்ள இடத்தில் குழாயை நடுவில் கழற்றிப் பூட்டும் வேலையை நான் விரும்பவில்லை. பெருக்கத்தையும் குவியத்தையும் மாற்றும் வளையங்கள் அடுத்தடுத்து இருப்பதால், அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதைத் திருப்பிவிடும் தொல்லையும் உண்டு. பழகினால் அது போய்விடும்.

நேர்க்குழாயா, கண்வில்லை மேல்நோக்கி வளைந்த குழாயா என்ற தெரிவு மற்ற நாடுகளில் வசதி சார்ந்தது. வளைந்ததில் முக்காலியைத் தாழ்த்தி நிறுத்தலாம். உயரமானவரும் சிறுவரும் முக்காலியின் உயரத்தை மாற்றாமலே பார்க்கலாம். வன்னியில் இன்னொரு காரணமும் சேர்கிறது. நேர்க்குழாயின் பின்னால் ஒற்றைக் கண்ணை மூடி நிற்பவன் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் குறிபார்ப்பவன் போலவே தோன்றுவான்; வளைந்த குழாயில் குனிந்து நிற்பவனோ கிணற்றை எட்டிப் பார்ப்பவன் போலத்தான் இருப்பான். போரின் இறுதி நாள்களைக் கண்ட நந்திக்கடல் ஓரத்தில் அந்த வேறுபாடு சிறியதல்ல. அதே காரணத்துக்காக, படைச்சீருடை நிறத்தில் விற்கும் துணியுறைகளையும் வாங்க வேண்டாம்.

எடைக்கு வருவோம். கோவா 88, ஸ்வரோவ்ஸ்கி 85 இரண்டும் கண்வில்லையோடு ஏறக்குறைய 1.9 கிலோ. வாகனத்தில் போய் வீதியோரத்தில் நிறுத்துபவருக்கு இது பொருட்டில்லை. மோட்டார் சைக்கிளில் முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று அலைந்து, துருசு எனும் மதகிலிருந்து மிகைநீர் வழியும் வான்வரை குளக்கட்டால் நடப்பவருக்கு முக்காலியோடு சேர்த்து நான்கு கிலோவாகிவிடும். அவருக்கு 800 கிராம் அளவில் 15 முதல் 45 மடங்கு தரும் கோவா 55 போதும். அதிலும் புளோரைட் படிகமே இருக்கிறது. 25 மடங்கில் அதன் ஒளிக்கற்றை 2.2 மில்லிமீற்றராகச் சுருங்குவதால் அந்தியில் முதலில் கைவிடுவதும் அதுதான். அந்தி வேளையில் யானை வரும் குளக்கட்டுகளில் அதுவரை நிற்பது எப்படியும் உசிதமல்ல.

ஆக, மூக்குக்கண்ணாடி இல்லாதவருக்குக் கோவா 88, இருப்பவருக்கு ஸ்வரோவ்ஸ்கி 85, நடப்பவருக்குக் கோவா 55, மூன்றிலும் வளைந்த வடிவம். நான் சுமப்பது கடைசியாகச் சொன்னதை. அதில் மிச்சமான பணத்தில் ஒரு கனமான கரிநார் (கார்பன் இழை) முக்காலி வாங்கினேன், ஏனெனில் வலசைப் பறவைகள் நிற்கும் அதே மாதங்களில்தான் வங்காலை வெளியில் வாடைக்காற்றும் வீசுகிறது. மெல்லிய முக்காலியில் பத்து இலட்ச ரூபாய்க் குழாயும் நடுங்கத்தான் செய்யும். காற்று கூடினால் முக்காலியின் நடுக்கொக்கியில் தண்ணீர்ப் போத்தல்களை ஒரு பையிலிட்டுத் தொங்கவிடுகிறேன்.