கார்பன் சக்கரங்களும் 16,000 கிலோமீட்டர் குண்டுகுழியும்

முதலில் என் எடையைச் சொல்லிவிடுகிறேன்: 84 கிலோ. சைக்கிள் சக்கரம் எத்தனை நாள் உழைத்தது என்று எழுதுகிறவர்கள் பலர் இதை மட்டும் மறைத்துவிடுகிறார்கள். நான் வாங்கிய ஜோடிக்கு 45 மில்லிமீட்டர் உயர கார்பன் இழை ரிம், சக்கரத்துக்கு 24 ஸ்போக், டிஸ்க் பிரேக். தினமும் போகும் பாதையில் பாதிக்கு மேல் தார் பெயர்ந்து கிடக்கும். "முதல் குழியிலேயே நொறுங்கிவிடும்" என்று பயமுறுத்தினார்கள். 7,000 கிலோமீட்டர் வரை ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் ஒரு மழைநாள். தேங்கிய தண்ணீருக்குள் கூரிய விளிம்புள்ள குழி. அப்போது 25 மில்லிமீட்டர் ஒல்லி டயரில் 95 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை கல் போல காற்று அடைத்திருந்தேன். அந்த முட்டாள்தனத்துக்கு வேறு யாரையும் பொறுப்பாக்க முடியாது. பின்சக்கரத்தில் காய்ந்த கட்டையைப் பிளந்தது போல ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். காற்று இறங்கவில்லை, சக்கரம் நேராகச் சுற்றியது. பிழைத்தது என்று மகிழ்ந்து மேலும் மூன்று நாள் ஓட்டினேன்.

நான்காம் நாள் துடைக்கும்போது துணியின் நூல் ரிம்மின் ஓரத்தில் சிக்கியது. மயிரிழை போல ஒரு விரிசல். நாணயத்தால் ரிம்மைத் தட்டிக்கொண்டே போனேன். மற்ற இடங்களில் 'டிக்' என்று கணீரென ஒலித்தது, அங்கே மட்டும் ஈரமண்ணைத் தட்டியது போல மந்தமாக. உள்ளே கார்பன் அடுக்குகள் பிரிந்திருந்தன. அலுமினிய ரிம்மாக இருந்தால் அடிபட்ட இடம் நெளிந்து, அன்றே காட்டிக்கொடுத்திருக்கும். கார்பன் வலிக்கிறது என்று சொல்லாத நோயாளி. என் பெரிய குறை இதுதான். உடைந்ததைக்கூட மன்னித்துவிட்டேன்.

மோதலில் ஏற்பட்ட சேதம் உத்தரவாதத்தில் சேராது என்றார்கள் சக்கர நிறுவனத்தார். தள்ளுபடியில் புது ரிம் கொடுத்து, பழைய ஹப்பிலேயே (சக்கரத்தின் நடுக்குடம்) ஸ்போக் கோத்துத் தந்தார்கள். ஆறு வாரம் ஆனது. வீட்டில் இன்னொரு ஜோடி சக்கரம் இல்லாதவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் டயரை மாற்றினேன்: 32 மில்லிமீட்டர், டியூப் இல்லாதது, முன்னே 55 பிஎஸ்ஐ, பின்னே 58. அதே பாதை, அதே எடை, அதே அவசரம். 9,000 கிலோமீட்டர் ஆகிறது, மாதம் ஒருமுறை தட்டிப் பார்க்கிறேன், ரிம்மில் கீறல்கூட இல்லை. கோட்டம் எடுக்க ஒருமுறைதான் கொடுத்தேன். என்னுடையது கொக்கி விளிம்புள்ள ரிம், அதாவது டயரைப் பிடித்துக்கொள்ள விளிம்பு உள்பக்கம் வளைந்திருக்கும். கொக்கி இல்லாத ரிம் வைத்திருப்பவர்கள் பழக்கதோஷத்தில் 90 பிஎஸ்ஐ அடைத்துவிட வேண்டாம். அதற்கு உச்ச அளவே 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ. மீறினால் டயர் கழன்றுவிடும் ஆபத்து உண்டு.

ரிம் தாங்கினாலும் மற்றவை தேய்ந்தன. பின் ஹப்பின் பேரிங்கில் தண்ணீர் புகுந்து இருமுறை மாற்றினேன். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் சிறு மரைகளான நிப்பிள்களில் இரண்டு தலை முறிந்து விழுந்தன. அவை அலுமினியம், ஈரத்தில் கார்பனோடு ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்கும். எல்லாவற்றையும் பித்தளைக்கு மாற்றினேன். கூடிய எடை ஏறக்குறைய 30 கிராம். குண்டுகுழி சாலைக்கு விற்கும் சக்கரத்தில் இந்த 30 கிராமை மிச்சப்படுத்தியது யாருடைய யோசனையோ!

பிரான்சில் நடக்கும் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் 50 கிலோமீட்டருக்கும் மேல் கருங்கல் பாதையில் கார்பன் சக்கரங்கள் ஓடுகின்றனவே என்பார்கள். ஓடுகின்றன. பின்னால் மாற்றுச் சக்கரங்களோடு கார் வருகிறது.

உங்கள் சைக்கிளில் 28 மில்லிமீட்டருக்கு மேல் டயர் நுழையாது என்றால் இந்தச் சக்கரம் வேண்டாம். நுழையும் என்றால் வாங்கலாம். நிப்பிள் பித்தளையா என்று கேட்டுவிட்டு.