பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால்: ராமநாதபுரம் சர்வீஸ் கடை ஒன்று

மண்டபத்தில் கடல் கூப்பிடு தூரத்தில் வீடு, அதனால் எந்த மின்சாதனத்துக்கும் ஆயுசு கொஞ்சம் கம்மிதான். எங்கள் கம்ப்யூட்டர் இன்டெல்லின் நாலாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம். ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும், நடுவில் ஹேங் வேறு. முதலில் கேட்ட இடத்தில் திறந்துகூடப் பார்க்காமல் புதுசு வாங்கச் சொன்னார்கள்.

அரண்மனைப் பக்கம் இருக்கிற இந்தச் சின்னக் கடை அப்படி இல்லை. கடைக்கார அண்ணன் என் கண் முன்னாலேயே கேபினட்டைக் கழற்றினார். உப்புக்காற்றில் திருகெல்லாம் துரு, ரேமின் தங்க நிறக் கால்கள் மங்கிக் கிடந்தன. பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார், ஹேங் ஆவது நின்றுவிட்டது. அப்புறம் 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்), கூட ஒரு 4 ஜிபி ரேம். இப்போது நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்துவிடுகிறது!

"எஸ்எஸ்டியை நாளைக்குப் புது மிஷினுக்கும் மாட்டிக்கலாம், இந்தப் பழைய டிடிஆர்3 வகை ரேமை முடியாது. மதர்போர்டு போனா மட்டும் செலவு பண்ணாதீங்க தம்பி" என்றார். நியாயமான பேச்சு.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. 11க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். யூடியூப், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஓடுகிறது, விண்டோஸுக்கென்றே உள்ள கணக்கு மென்பொருளான டாலியை நம்பிப் பிழைப்பவர்கள் மட்டும் யோசியுங்கள்.

குறை என்றால், சொன்ன நாளில் தரமாட்டார், போனையும் எடுக்கமாட்டார். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், எஸ்எஸ்டி வாரண்டிக்கு அது வேண்டும்.