லாக் கேபின் குவில்ட்: பழைய கட்டம், புது வெட்டு

நடுவில் ஒரு சதுரம், சுற்றிலும் துணிப் பட்டைகள். ஒரு பாதி வெளிர், மறுபாதி அடர். குவில்ட்டுகளில், அதாவது துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வைகளில், 1860களில் அமெரிக்காவில் பரவிய லாக் கேபின் (மரக்கட்டை வீடு) கட்டம் இதுதான். நடுச் சதுரம் சிவப்பாக இருப்பது வழக்கம்; வீட்டின் கணப்படுப்பு அது என்பார்கள்.

நான் வாங்கிய குவில்ட்டில் அது கடுகு மஞ்சள், அதுவும் ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. பட்டைகள் ஒரு முனையில் விரல் அகலம், மறுமுனையில் அதில் பாதி. கட்டமே லேசாகச் சாய்ந்து நிற்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தச் சாய்வுதான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகளை அடுக்கித் தைக்கும் ‘ஹவுஸ்டாப்’ குவில்ட்டுகளிலும் இதே துணிச்சல் உண்டு.

பருத்தித் துணி, நெருக்கமான தையல், துவைத்தாலும் சாயம் போகவில்லை. ஆனால் மூலைகளில் ஓரப்பட்டையைச் சரியாக மடிக்கவில்லை. ஒரு மூலையில் நூல் பிரிகிறது. இந்த விலைக்கு அதைக் கவனித்திருக்க வேண்டும்.